புரொசெசருக்கு எவ்வளவு குளிர்ச்சி போதும்?

கணினி விளையாட்டுக்காகப் புதிய புரொசெசர் வாங்கும் இளைஞர்கள் கூலர் விடயத்தில் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். பழைய புரொசெசருடன் இலவசமாக வந்த சிறிய கூலரையே புதியதற்கும் பூட்டிவிடுவோர் ஒரு சாரார். வண்ண விளக்குகள் மின்னும் வோட்டர் கூலர் இல்லாவிட்டால் எல்லாம் எரிந்துவிடும் என அஞ்சுவோர் மறுசாரார். அந்தப் புரொசெசர் உண்மையில் எவ்வளவு வெப்பத்தை வெளியிடுகிறது என்று இரு சாராருமே கேட்பதில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோட் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் புரொசெசர்களில் 65 வோட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 88 வோட் வரையும், 105 வோட் என்றிருந்தால் 142 வோட் வரையும் மின்சாரத்தை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல் 2023 இல் வெளியிட்ட கோர் ஐ9 14900கே இன் அடிப்படை அளவு 125 வோட். உச்ச அளவோ 253 வோட். முழு வேகத்தில் ஓடும் அத்தகைய புரொசெசருக்குப் பெரிய வோட்டர் கூலர் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் என் மருமகன் வாங்கியது அதுவல்ல. 2019 இல் வந்த ரைசன் 5 3600 ஐக் கழற்றிவிட்டு, அதே மதர்போர்ட்டில் 2024 ஜனவரியில் வெளிவந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி ஐப் பொருத்துவது அவரது திட்டம். புதியதன் பெட்டியில் கூலர் இல்லை. "மாமா, மூன்று ஃபேன் உள்ள வோட்டர் கூலர்தான் பாதுகாப்பு" என்றார். நான் உடன்படவில்லை.

இந்தப் புரொசெசர் 105 வோட் வகையைச் சேர்ந்தது என்றாலும், விளையாட்டின்போது 142 வோட்டுக்கு வெகு கீழேயே நிற்கும். ஆயினும் வெப்பமானி காட்டும் பாகை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மேலதிக நினைவகச் சில்லைக் கணிப்புக் கருக்களின் தளத்துக்கு மேல் அடுக்கியிருப்பதால், வெப்பம் கூடுதல் சிலிக்கன் படையைத் தாண்டியே வெளியேற வேண்டியுள்ளது. தடை உள்ளேயே இருக்கும்போது வெளியே எத்தனை ஃபேன் சுழன்றாலும் கிடைக்கும் பயன் சொற்பம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி இல் அந்தச் சில்லைக் கருக்களின் கீழே கொண்டுசென்றமைக்கு இதுவே முக்கிய காரணம். 5700எக்ஸ்3டி க்கு ஏஎம்டி விதித்த உச்ச எல்லை 90 பாகை செல்சியஸ். விளையாடும்போது எழுபதுகளில் நின்றால் பதறத் தேவையில்லை.

அதற்காகப் பழைய இலவசக் கூலரைப் பூட்டச் சொல்லவும் மாட்டேன். 3600 உடன் வந்த ரெய்த் ஸ்டெல்த், வெப்பக் குழாய் ஒன்றுகூட இல்லாத சிறிய அலுமினியக் கட்டி. அது தாங்கினாலும் ஃபேன் ஓயாமல் இரையும். தவிர, இணையத்தில் நாம் படிக்கும் மேலைநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் இருபது பாகையை ஒட்டிய அறைகளில் எழுதப்பட்டவை. குளிரூட்டி இல்லாத கொழும்பு அறையில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். அறை பத்துப் பாகை சூடானால் புரொசெசரும் ஏறத்தாழப் பத்துப் பாகை சூடாகும். வோட்டர் கூலரும் அறைக் காற்றைக் கொண்டே குளிர்விக்கிறது. அறையைவிடக் குளிராக எதையும் அதனால் ஆக்க முடியாது. அதன் பம்ப் நின்றால் கதை முடிந்தது. காற்றுக் கூலரில் பழுதாகக் கூடியது ஃபேன் மட்டுமே. அதை மலிவாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே, நான்கு முதல் ஆறு வெப்பக் குழாய்களும் 120 மில்லிமீற்றர் ஃபேனும் கொண்ட காற்றுக் கூலர் போதும். தேர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் போன்றவை மலிவானவை. மீதிப் பணத்தில் கேசிங்குக்கு நல்ல ஃபேன்கள் வாங்கலாம். முதலில் கேசிங்கின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இத்தகைய கூலர்கள் ஏறத்தாழ 155 மில்லிமீற்றர் உயரமானவை. நொக்டுவாவின் என்எச்-டி15 165 மில்லிமீற்றர்.

இன்னொன்று. ஏஎம்4 மதர்போர்ட்டில் பழைய கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. காய்ந்த தேர்மல் பேஸ்டுடன் ஒட்டிக்கொண்டு புரொசெசரே பிடுங்கப்பட்டு வந்து, அதன் ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்த பின், கூலரை மெல்ல இடமும் வலமும் திருப்பித் தளர்த்தி எடுங்கள்.