நம் காணிக்கையை எங்கே கொடுப்பது?



வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அதுமுதல் நம் நாட்டில் திருஅவையின் பிறரன்புப் பணிகளுக்குப் பணம் வரும் வழி குறுகிவிட்டது. வெளிநாட்டு உதவி பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்திற்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. 2021 கிறிஸ்து பிறப்பு விழாவன்று, அன்னை தெரேசாவின் பிறரன்பு மறைப்பணியாளர் சபைக்கே பதிவைப் புதுப்பிக்க மறுத்தார்கள். அடுத்த மாதம்தான் அது திரும்பக் கிடைத்தது. ஆகவே நம் பங்குமக்கள் தரும் நூறும் ஐந்நூறுமே இனிப் பல பணிகளைத் தாங்க வேண்டியிருக்கும்.

கேட்பவர்களுக்கோ குறைவில்லை. கடைத்தெருவில் துண்டுத்தாளோடு நிற்கிறார்கள். குழந்தையின் படத்தோடு கைப்பேசியில் செய்தி வருகிறது. "சாமி, இதுக்குக் கொடுக்கலாமா, கொடுத்தா பாவமா?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான்.

திருப்பீடமும் இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறது. யுனிசெஃப் நிறுவனத்திற்கு ஆண்டுதோறும் அடையாளமாகக் கொடுத்துவந்த 2,000 டாலரை 1996இல் அது நிறுத்தியது. கருத்தடை தொடர்பான பணிகளில் அந்நிறுவனம் ஈடுபடுகிறது என்ற கவலை ஒரு காரணம். கொடுத்த பணம் குறித்த பணிக்கே போகிறதா என்பதற்குத் தெளிவான கணக்கு இல்லை என்பது இன்னொன்று. அதை அறிவித்த பேராயர் ரெனாத்தோ மார்த்தினோதான், 2007இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் கருக்கலைப்பு பற்றிய தன் நிலைப்பாட்டை மாற்றியபோது, கர்தினாலாக இருந்து, கத்தோலிக்கர் அதற்கு நிதி தரலாகாது என்றார். பின்னர் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2012 நவம்பர் 11 அன்று பிறரன்புப் பணி பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். திருஅவையின் போதனைக்கு எதிரான வழிமுறைகளை முன்வைக்கும் திட்டங்களுக்குப் பங்கின் வழியாக விளம்பரம் தேடப்படாமல் தடுப்பது ஆயரோடு பங்குத்தந்தையின் கடமையும்கூட என்று அதில் உள்ளது. எனவே கோவில் அறிவிப்புப் பலகையில் எதையும் ஒட்ட விடுவதில்லை என்று சிலர் குறைப்பட்டால், நாம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதைக் கேட்டுவிட்டு, சிலுவை அடையாளம் போட்ட இடத்திற்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று யாரும் முடிவுசெய்துவிட வேண்டாம். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவர் சமாரியர். நம் ஊர்க் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இயங்கிவருகிறது. தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிக்குத் துணையாக வந்தவர் ஒரு வேளைச் சோற்றுக்கு என்ன செய்கிறார் என்று போய்ப் பாருங்கள். அங்கே கொடுப்பதற்கு எந்த ஆணையும் தடையில்லை.

சிலுவை அடையாளம் இருப்பதாலேயே கேள்வி கேட்காமல் இருந்துவிடவும் கூடாது. 2018 பிப்ரவரியில், பாலேஸ்வரத்தில் குரு ஒருவர் நடத்திய இல்லம் நாடெங்கும் பேசப்பட்டது. காய்கறி ஏற்றிய வண்டியில் இறந்த ஒருவரின் உடலோடு உயிருள்ள முதியோரும் இருந்ததைக் கண்டவர்கள் புகார் செய்தார்கள். அதிகாரிகள் ஆய்வு நடத்தி, அங்கிருந்தோரை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அப்போது பரவிய வதந்திகளுக்குள் நாம் போகவில்லை. யாருமற்றவர்களுக்கு அது அடைக்கலமாக இருந்ததும் உண்மை. ஆனால் பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உரிமம் இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா என்று கேட்டிருப்பார்கள்? கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. நம் வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கையும் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பட்டு ஊரில் வாழும் நமக்கு இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. நீதிப்படி கொடுக்க வேண்டியதைத் தருமம் என்ற பெயரில் கொடுக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய ஏட்டில் சொல்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். கரைக்கான நாடாவைத் தள்ள, நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பல தறிகளில் சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகத் தறியில் கட்டுண்டு கிடந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகளைப் பற்றி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்! அந்த 27 ஆண்டுகளில் இவ்வூரில் தான தருமத்திற்குக் குறைவிருந்ததா?

இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே உட்காருகிறார்கள். சேலைக்குப் பேசிய கூலியில் அவர்களுடைய உழைப்புக்குத் தனிக் கணக்கு இருப்பது அரிது. நம் பங்கில் தறி வைத்திருப்போரும், பட்டுக்கடை நடத்துவோரும், கல்யாணச் சேலைக்குப் பேரம் பேசுவோரும் இருக்கிறோம். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார். கூலிப் பாக்கி வைத்திருப்பவர்கள் இவ்வாரமே அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள். காணிக்கை உறையை அடுத்த ஞாயிறு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்.