டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி



இந்த வாரம் ஒரு குளியலறையைப் பற்றி எழுதுகிறேன். சொல்லக் கூச்சமாயிருக்கிறது, ஆயினும் சொல்லாமல் விடுவது உண்மையாயிராது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆம்பூரிலுள்ள எங்கள் குடும்ப வீட்டு மாடியில் குளியல் தொட்டி ஒன்றைப் பதித்தோம். வெளிநாட்டிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு கிறிஸ்துமஸுக்கு வரவிருந்தான். வாளியும் செம்பும் பழகிய வீட்டில் தொட்டி ஒரு பெருமைதான். அதை வைத்தபோது, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்தில் இடைவெளி விழுந்தது.

பெங்களூரில் இவ்வேலை செய்து பழகிய மேஸ்திரி என்னை அழைத்துக் காட்டினார். "ஐயா, இதை இப்படியே மூடினால் நிற்காதுங்க. நாலு நாள் கொடுங்க" என்றார்.

அவர் சொன்ன காரணம் எளியது. தொட்டியில் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் நிறைந்து, ஓர் ஆளும் இறங்கினால், தொட்டி மயிரிழையளவு தாழும். விறைத்த சிமெண்டு அதனோடு தாழாது, வெடித்துவிடும். ஆகவே முதலில் தொட்டியின் விளிம்பு அசையாதபடி சுவரோரம் தாங்கல் கொடுக்கவேண்டும். இடைவெளியைச் செங்கல் துண்டும் சாந்தும் வைத்து அடைத்து, ஆறவிடவேண்டும். சுவரில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசி, தொட்டியின் விளிம்பின்மேல் இறங்கி அமரும்படி டைல்ஸ் ஒட்டவேண்டும். டைல்ஸும் தொட்டியும் சந்திக்கும் கடைசிக் கோட்டில் மட்டும் சிமெண்டு வைக்கக்கூடாது. வளைந்துகொடுக்கும் சிலிக்கான் வைக்கவேண்டும். அதையும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அது தாழ்ந்த நிலையில் இருக்கும்போதே வைத்து, இறுகும்வரை தண்ணீரைத் திறந்துவிடாமல் காக்கவேண்டும். அப்பொழுதுதான் பின்னாளில் பாரம் ஏறும்போது அது பிய்யாது.

நான் என்ன செய்தேன்? "டைல்ஸ் ஒட்டினால் எல்லாம் மறைந்துவிடும், மேஸ்திரி. நாளைக்கே முடியுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கூலி கொடுப்பவன் நான். கிறிஸ்துமஸுக்குக் குளியலறை பளபளத்தது. வந்தவர்களெல்லாரும் பாராட்டினார்கள்.

கீழ்வீட்டில் ஷூ கம்பெனியில் வேலைசெய்யும் ஒரு சகோதரி தம் பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தார். அடுத்த ஆனி மாதத்தில் அங்கே வீட்டு ஜெபத்துக்குப் போனேன். கட்டிலின் அருகே ஒரு வாளி இருந்தது. மேலே தளத்தில் பூச்சு உப்பி, பொரிந்து, கறுத்திருந்தது. "மழைக்கு அப்படித்தான் ஐயா" என்று சிரித்தார். வெளியே மழையே இல்லை. பல மாதங்களாய்ச் சொட்டியிருக்கிறது. சொன்னால் வாடகையை ஏற்றுவோமோ, காலிசெய்யச் சொல்லுவோமோ என்று பயந்து வாய்திறக்காமல் இருந்திருக்கிறார். அன்று அந்த வீட்டில் எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

பிரியமானவர்களே, இடைவெளியை விட்டவன் நான். நனைந்தது அவருடைய படுக்கை. என் கருத்து இதுவே: மறைவிடத்தில் செய்யாமல் விட்ட வேலையின் விலையைப் பெரும்பாலும் விட்டவன் கொடுப்பதில்லை; கீழே இருப்பவன் கொடுக்கிறான்.

நம் தோல் தொழில் பகுதி இதை மிகக் கொடிய விதத்தில் கண்டிருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் குளியலறையை அந்தத் துயரத்தோடு ஒப்பிடத் துணியேன். ஆனால் தேக்கிவைத்தவர்கள் வேறு, கீழே படுத்திருந்தவர்கள் வேறு என்பது இரண்டிலும் ஒன்றே.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பூசணம் கண்டால், ஆசாரியனே நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்கிறது வேதம். கறை சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாய் இறங்கியிருக்கிறதா என்று அவன் சோதிக்கவேண்டும். வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்துத் திரும்பவும் வரவேண்டும். பழுதான கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் சுரண்டி, வேறு கற்களை வைத்து, அதன்பின்பே பூசவேண்டும். தேவன் பூச்சை வேண்டாமென்று சொல்லவில்லை. அதைக் கடைசியில் வைக்கிறார்.

"ஐயா, செலவு ஆகுமே" என்பீர்கள். ஆகும். எங்கள் டைல்ஸை உடைத்து மறுபடியும் செய்ய, முதலில் மிச்சம்பிடித்ததைப் போலப் பல மடங்கு ஆயிற்று. அதே மேஸ்திரியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்ட நாலு நாளும் கொடுத்தேன். சொட்டிய மாதங்களின் வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தச் சகோதரி வாங்கத் தயங்கினார். அந்தத் தயக்கமே என்னை அதிகம் சுட்டது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இந்த வாரமே கீழ்வீட்டுக்குப் போய்த் தளத்தை நிமிர்ந்து பாருங்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திராதேயுங்கள். வீடு கட்டுகிறவர்கள், மேஸ்திரி நாள் கேட்டால் கொடுங்கள். கம்பெனியில் மேற்பார்வை செய்கிறவர்கள், "இது நிற்காது" என்று ஒரு தொழிலாளி சொன்னால் வேலையை நிறுத்திக் கேளுங்கள்.

நம் வீடுகளில் கீழே இருப்பவர்கள் பயமின்றி உறங்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.