உப்பலில்தான் கதகதப்பு

மார்கழி, தை மாதங்களில் நீலகிரிக்கு வருகிறவர்கள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விடுதிக்காரரிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, இன்னொரு கம்பளி கிடைக்குமா?" அவரும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருவார். அதைக் கட்டிலில் இருக்கும், இழையோ பஞ்சோ அடைத்த கம்ஃபர்ட்டருக்கு மேல் விரித்துக்கொண்டு படுப்பார்கள். காலையில் விசாரித்தால், "கனம்தான் ஏறியது, குளிர் விடவில்லை" என்பார்கள். மலையில் குடியிருக்கும் நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: கம்பளியை உடம்பை ஒட்டிப் போர்த்திக்கொள்ளுங்கள், கம்ஃபர்ட்டர் அதற்கு மேலே இருக்கட்டும். அதே இரண்டு போர்வைதான், ஆனால் தூக்கம் வேறு மாதிரி வரும்.

எந்தப் போர்வைக்கும் சொந்தச் சூடு கிடையாது. தூங்கும்போதும் நம் உடம்பு சுமார் 70, 80 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். அந்தச் சூட்டை நழுவவிடாமல் பிடித்துவைப்பது போர்வைக்குள் அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் அசையாமல் நின்றால்தான் அந்தக் குணம் பயன்படும். நகரத் தொடங்கினால் சூட்டையும் கையோடு கொண்டுபோய்விடும். பஞ்சோ, இறகோ, பாலியெஸ்டர் இழையோ, உள்ளே அடைத்திருப்பதன் வேலை காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து நிறுத்துவது. மேலே கனமான கம்பளி ஏறினால் அந்த அறைகள் நசுங்கிவிடும். கனம் கூடியும் குளிர் விடாததற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடிக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இப்போது பெரும்பாலும் மெஷின்தான். முன்பு ஆள் உயர வில்லோடு தெருவுக்கே வருவார்கள். கட்டிதட்டிப்போன பஞ்சைத் தரையில் பரப்பி, வில்லின் நாண் அதில் படும்படி பிடித்து, மரக்கட்டையால் நாணை அடிப்பார்கள். நாண் அதிர அதிர, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இழைகள் விட்டுப் பிரிந்து மேலே எழும்பும். ஒரு பிடி பஞ்சு ஒரு கூடையை நிறைக்கும். எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கூடியதெல்லாம் உள்ளே புகுந்த காற்று. பஞ்சு அடைத்த ஜெய்ப்பூர் ரஜாய் கைக்கு லேசாக இருந்தும் வட இந்தியக் குளிருக்குத் தாக்குப்பிடிப்பதற்குப் பஞ்சை அப்படிப் பிரித்துப் பரப்பும் கைவேலையும் ஒரு காரணம்.

பிரித்த பஞ்சு ஓரிடத்தில் ஒதுங்காமல் இருக்கத்தான் மேலே தையல் போடுகிறார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்துத் தைத்தால், தையல் ஓடும் கோட்டில் உப்பல் இருக்காது. குளிர் நுழைவது அங்கேதான். நல்ல இறகுக் கம்ஃபர்ட்டர்களில் இரண்டு துணிக்கும் நடுவே சிறு சுவர்போலத் துணிப்பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்திருப்பார்கள். கட்டத்தின் ஓரத்திலும் உயரம் குறையாது. கடையில் தையலைப் பாருங்கள். பிறகு உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். சட்டென்று எழும்பினால் சரக்கு நல்லது. பள்ளம் அப்படியே நின்றால் வேண்டாம்.

உப்பலுக்கு அடுத்தது ஈரம். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் குடியேறினால் போர்வை சில்லென்று ஆகிவிடும். மலைப்பக்கம் மழைக்காலத்தில் ஜன்னல் வழியாக வரும் மூடுபனியே பஞ்சை நமுக்கவைக்கப் போதும். சென்னையில் ஏசி அறையில் படுப்பவர்களுக்கும் ஈரம் உண்டு. அது உடம்பிலிருந்தே வருகிறது. வியர்வை என்று தெரியாமலே ஒரு நாளில் தோல் வழியாக மட்டும் சுமார் 400 மில்லி நீர் ஆவியாகிறது. ராத்திரிப் பங்கு போர்வைக்குத்தான் போகிறது. ஆகவே எழுந்த கையோடு படுக்கையை மடித்து மூடிவிடாதீர்கள். போர்வையை விலக்கி, மூடுபனி இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தூசுப் பூச்சிகளுக்கும் ஈரம்தான் வாழ்வு. காய்ந்த படுக்கையில் அவை பெருகாது. ஆஸ்துமா உள்ள வீட்டில் இதுவும் ஓர் உதவி.

துவைப்பதைக் கூடிய மட்டும் குறைத்துக்கொள்வதே நல்லது. கம்ஃபர்ட்டருக்குப் பருத்தி உறை போட்டு, அந்த உறையை மட்டும் வாராவாரம் துவைத்தால், உள்ளிருப்பதை வருடத்துக்கு ஓரிரு முறை துவைத்தால் போதும். பஞ்சு அடைத்த ரஜாயைத் தண்ணீரில் போடவே கூடாது. பஞ்சு கட்டிதட்டும், நடுப்பகுதி நாள்கணக்கில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். அதற்கு வெயிலும் உதறலும்தான் வைத்தியம். பாலியெஸ்டர் அடைத்ததை மெஷினில் போடலாம். ஆனால் டிரம்முக்குள் அது தாராளமாகப் புரள இடம் வேண்டும். இரட்டைக் கட்டில் அளவை வீட்டு மெஷினில் திணித்தால் சோப்பு உள்ளேயே தங்கும், இழையும் நசுங்கும். சோப்பு கொஞ்சம், அலசல் கூடுதல். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழைமேல் படிந்து உப்பலைக் கெடுக்கும். ஒற்றைக் கொடியில் தொங்கப்போட்டால் ஈரத்தின் கனத்தில் உள்ளிருப்பதெல்லாம் கீழே சரியும். கயிற்றுக் கட்டிலில் விரித்தால் அடியிலிருந்தும் காற்று படும். மணிக்கொரு தரம் திருப்பிப்போட்டு உதறி, கைக்குத் தட்டுப்படும் கட்டிகளை விரலால் பிரித்துவிடுங்கள்.

குளிர்காலம் முடிந்து எடுத்துவைக்கும்போதுதான் பல போர்வைகள் பாழாகின்றன. காற்றை உறிஞ்சிச் சப்பையாக்கும் பிளாஸ்டிக் பை பயணத்துக்குச் சரி, மாதக்கணக்கில் ஆகாது. மொறுமொறுவென்று காய்ந்ததும் பழைய நூல் சேலையில் தளர்வாகச் சுற்றி, பெட்டிகளுக்கு அடியில் அல்ல, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அந்துருண்டையை வழக்கத்துக்காகப் போட வேண்டாம். துணிப்பூச்சியின் புழு தேடுவது கம்பளியையும் இறகையும்தான். பாலியெஸ்டர் அதற்கு இரையல்ல. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையைக் கட்டாயம் தவிருங்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பல அந்துருண்டைகளில் இருக்கும் நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரிந்திருக்காது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கம்ஃபர்ட்டரே வேண்டாம். முகத்தை மூடினால் அதை விலக்கக் குழந்தைக்குத் தெரியாது.

வயதானவர்களுக்குக் குளிர் அதிகம் உறைக்கும் என்று வீட்டில் இருப்பதிலேயே கனமானதை எடுத்துப் போர்த்துகிறோம். முட்டி வலியோடு புரண்டு படுக்கவே சிரமப்படும் பாட்டிக்கு அந்தக் கனம் ஒரு தண்டனை. லேசானதும் உப்பலானதுமாக ஒன்றை அவருக்கு வாங்கிக்கொடுங்கள்.

மார்கழியில் பலரும் தெருவோரம் படுப்பவர்களுக்குப் போர்வை வழங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் எவ்வளவு நல்ல போர்வையானாலும் உடம்புக்கு அடியில் போகும் பகுதி நசுங்கித் தட்டையாகிவிடும். குளிர் தரையிலிருந்தும் ஏறுகிறது. ஆகவே கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே தடித்த போர்வைக்குப் பதில், நடுவே காற்று நிற்கும்படி இரண்டு மெல்லியவையாகக் கொடுங்கள். கூடவே அடியில் விரிக்கக் கெட்டியான பாயோ, நுரை விரிப்போ, அட்டையோ கொடுங்கள். போர்வைக்குச் செலவழிக்கும் பணம் அப்போதுதான் படுத்திருப்பவரின் உடம்புக்குப் போய்ச் சேரும்.