காரீயமும் குடித்தனமும்

தஞ்சைத் தரணியில் உலோகம் உருக்கி வார்க்கும் தொழில் பெரும்பாலும் ஆலைகளில் நடப்பதன்று, வீடுகளில் நடப்பது. சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் கன்னார் பட்டறையும், கும்பகோணத்தில் ஈயச் சொம்பு செய்பவர் வீடும், நாகப்பட்டினக் கரையோரம் வீச்சு வலைக்குக் குண்டு வார்த்துக் கோக்கும் மீனவர் திண்ணையும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ வேறுபட்டவை. ஆயினும் ஒரு விஷயத்தில் இவையெல்லாம் ஒரே ஜாதி. உலை எரியும் இடத்துக்கும் சோறு வேகும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான் உண்டு. சில வீடுகளில் அச்சுவரும் இல்லை. இவ்விதமான வீடுகளுக்குள் காரீயம் உருக்கப்படுவதைக் குறித்துச் சர்க்காரும் பொதுஜனங்களும் காட்டிவரும் அசிரத்தை இனியும் நீடிக்கலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

அசிரத்தைக்கு நம் பாஷையும் ஓரளவு உடந்தையாயிருக்கிறது. ஈயம் என்ற ஒரே சொல் நம்மவர் வாயில் மூன்று உலோகங்களுக்கு வழங்குகிறது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று, போதாக்குறைக்கு அலுமினியப் பாத்திரத்தையும் ஈயப் பாத்திரம் என்றே பல ஊர்களில் சொல்லுகிறார்கள். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வந்தவன் மூன்றையும் ஒரே சாக்கில்தான் போட்டுக்கொண்டான். வெள்ளீயம் 232 டிகிரிச் சூட்டில் உருகுவது. ரசச் சொம்புக்கும் பித்தளைப் பாத்திரத்தின் கலாய்க்கும் ஏற்ற சாது உலோகம். சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று நம் பெண்மணிகள் அறிந்து வைத்திருப்பது இந்தக் குணத்தை உத்தேசித்தே. காரீயமோ 327 டிகிரியில் உருகுவது, விஷம். உருகிய நிலையில் இரண்டும் ஒரே வெள்ளி நிறமாய்த் தோன்றும். தடையின்றி ஒன்றோடொன்று கலக்கும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப்போல் பத்து மடங்குக்கு மேல். இனிக் கலப்படத்துக்கு ஆசை எங்கிருந்து வருகிறதென்று நாம் விளக்க வேண்டியதில்லை. யோக்கியமான தொழிலாளிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் பழைய சாமான் கடையிலிருந்து வந்த கட்டியில் காரீயம் கலந்திருந்தால், தொழிலாளிக்கே அது தெரியாமற் போகலாம். புளி காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பண்டைய ரோமாபுரியார் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி இனிப்பென்று உண்டது சரித்திரப் பிரசித்தம்.

சுவாமிமலை விஷயம் வேறு. அங்கே காரீயம் கலப்படமாக வருவதில்லை, முறைப்படி வருகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடித்து, அதன்மேல் காவேரி வண்டலைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை வார்க்கிறார்கள். பஞ்சலோகத்தில் பெரும்பாகம் செம்பு, அடுத்தது பித்தளை, கொஞ்சம் காரீயம், பொன்னும் வெள்ளியும் சாஸ்திரத்துக்கு. காரீயம் சேர்ந்தால் உலோகம் இளகி ஓடித் திருமேனியின் விரல்நுனி வரைக்கும் போய்ச் சேரும். பிறகு உளிக்கும் இணங்கும். சோழர் காலத்து விக்கிரகங்களிலும் காரீயம் உண்டு. அதன் ஐஸோடோப்பு விகிதங்களை அளந்தே ஆராய்ச்சியாளர் சாரதா ஸ்ரீநிவாசன் அவர்கள் தென்னாட்டு விக்கிரகங்களைக் காலவாரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்குப் பின்னும் சாட்சி சொல்லும் பொருள் அது. மண்ணில் விழுந்தாலும் எலும்பில் புகுந்தாலும் எளிதில் மறைவதில்லை.

செம்பு உருகுவதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அந்தச் சூட்டில் காரீயம் சும்மா கிடப்பதில்லை. ஆவியாய்க் கிளம்பிக் காற்றில் நுண்பொடியாகிச் சுவாசப்பையில் இறங்குகிறது. முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. வலைக்குண்டு வார்க்கும் சட்டியின் நிலைமை வேறு. அங்கே சூடு உருகும் நிலைக்குச் சற்று மேலேதான், ஆவி சொற்பம். ஆனால் உருகிய காரீயத்தின்மேல் படரும் சாம்பல் நிற ஏட்டைக் கரண்டியால் வழித்துப் போடுகிறார்களே, அது உலர்ந்தால் புழுதி. புழுதி கைக்கும், கையிலிருந்து வெற்றிலைக்கும், வெற்றிலையோடு வாய்க்கும் போகிறது. வலைஞர் புகையைக் கண்டு ஒதுங்குகிறார். அவர் அதிகமாய் அஞ்சவேண்டியது துடைப்பத்துக்கு.

பெரியவர்களுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, கை மணிக்கட்டுத் தளர்ந்து தொங்கல் என்று வரும் வியாதி, குழந்தைகளிடத்தில் அறிவையே குறைக்கிறது. உட்கொண்ட காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைப்போல் நாலைந்து மடங்கு கிரகித்துக்கொள்ளும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்பதும் அந்த ஸ்தாபனத்தின் கூற்று. இரத்தத்திலுள்ளது சில மாதங்களில் குறையலாம். எலும்பில் படிந்தது பல பத்து வருஷம் நிற்கும். கர்ப்பகாலத்தில் அது தாயின் எலும்பிலிருந்து புறப்பட்டுச் சிசுவைச் சேரும்.

"எங்கள் பாட்டனும் பூட்டனும் இதையே செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்தார்கள், அவர்கள் இரத்தத்தை அளந்து பார்த்தவர் யாருமில்லை. மேலும், ஓலைக் கொட்டகையில் நான்கு புறமும் காற்று வாங்கி நடந்த வேலை வேறு, கான்கிரீட் தளத்தின்கீழ் மின்விசிறியைச் சுழலவிட்டு நடக்கும் வேலை வேறு. விசிறி விஷத்தை வெளியேற்றுவதில்லை; தூளி வரைக்கும் கொண்டுபோய்ப் பரப்புகிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கதவைச் சாத்திக்கொண்டு உலை மூட்டும் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உலகத்தில் நடந்திருப்பதைக் கேளுங்கள். ஆப்பிரிக்காவில் செனகால் தேசத்து டக்கார் நகரத்தையடுத்த ஒரு பேட்டையில், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்ததன் பயனாக, 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் மாண்டன. நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாகாணத்தில், பொன் கலந்த கல்லை வீட்டு முற்றத்தில் பொடித்துச் சலித்தார்கள்; அந்தக் கல்லில் காரீயமும் இருந்தது. 2010-ஆம் வருஷத்தில் வெளிப்பட்ட அவ்விபத்தில் இறந்த குழந்தைகள் சுமார் 400. அந்தத் தாய்மார்கள் ஆலைக் கூலிகளல்லர். வீட்டில் இருந்து பிழைத்தவர்கள்.

ஈயக் குண்டு என்றதும் துப்பாக்கிக் குண்டையே நினைப்போர் உண்டு. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. சர்க்கார் அறிவித்தால் வெறும் காரீயத்தையும் யுத்த சாமானாகக் கருதும்படி அதன் 4-வது பிரிவில் வகை செய்து வைத்திருந்தார்கள். நம்மவர் கையில் ஒரு வீசை காரீயம் இருந்தாலும் அந்நிய சர்க்காருக்கு அவ்வளவு பயம்! நம் சர்க்காருக்கோ அது நம் குழந்தைகளின் வாயில் இருந்தாலும் பயமில்லை. லைசென்ஸின்றிக் குண்டு செய்வதை 1959-ஆம் வருஷத்துச் சட்டமும் குற்றமாக்கியிருக்கிறது, அது சரியே. ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே குண்டு வார்த்துக்கொள்வது சகஜம். அவர்களுடைய துப்பாக்கி நமக்கு வேண்டாம். உலைக்களத்தை அமைப்பதில் அவர்களிடையே கூறப்படும் எச்சரிக்கைகள் வேண்டும்.

உலைக்களம் குடித்தன வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகையாக இருத்தல் முக்கியம். உலைக்குமேல் புகையை இழுத்துச் செல்லும் கூண்டும் குழாயும் வேண்டும். தரை மண்ணாயிருக்கலாகாது, கழுவக்கூடிய தளமாக இருக்கவேண்டும். உலர்ந்த துடைப்பம் உள்ளே வரலாகாது. ஈரத் துணியால் துடைக்கவேண்டும். ஆனால் அந்த ஈரம் உலையை நெருங்கக் கூடாது. உருகிய உலோகத்துக்குள் ஒரு சொட்டு நீர் அகப்பட்டாலும் கணத்தில் நீராவியாகி, உலோகத்தை முகத்தில் வாரி இறைத்துவிடும். காயாத அச்சும் நனைந்த கட்டியும் இதே காரணத்தால் அபாயமானவை. வேலை உடையை அங்கேயே களைந்து, சோப்பிட்டுக் கைகழுவிய பிறகே வீட்டுக்குள் நுழையவேண்டும். அவ்வுடையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. வெற்றிலை, பீடி, காபி எதுவும் கொட்டகைக்குள் ஆகாது. வழித்தெடுத்த கசடை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைக்கவேண்டும். கொல்லையில் கொட்டினால் கோழி கொத்தும், முட்டையில் வரும். வாய்க்காலில் கொட்டினால் வயலுக்குப் போகும். பழைய பாட்டரித் தகட்டை எந்த வீட்டிலும், எந்த ஏற்பாட்டுடனும் உருக்கலாகாது. 2001-ஆம் வருஷத்து விதிகள் பாட்டரிகளைப் பதிவு பெற்ற ஆலைகளுக்கே அனுப்பச் சொல்லின; அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் வருஷத்து விதிகளும் அவ்வாறே சொல்லுகின்றன.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாவது அட்டவணையில், அறிவிக்கப்படவேண்டிய வியாதிகளுள் முதலாவதாகக் காரீய விஷத்தையே வைத்தது. ஆனால் யந்திர சக்தியோடு பத்துப் பேர், இல்லாமல் இருபது பேர் வேலை செய்யாவிட்டால் அது தொழிற்சாலையன்று என்றது. சிறிய பட்டறைகளுக்கும் சட்டத்தை விரிக்கச் சர்க்காருக்கு 85-வது பிரிவு அதிகாரம் கொடுத்தது. கொடுத்த கையோடு, சொந்தக்காரர் தம் குடும்பத்தாரை மட்டும் கொண்டு நடத்தும் தொழிலுக்கு விலக்கும் அளித்தது. 2020-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்போ, தொழிற்சாலை வரம்பை இருபதாகவும் நாற்பதாகவும் உயர்த்தியது. கூலியாள் என்றால் சட்டம் ஏட்டளவிலாவது காக்கும். மனைவியும் மகனும் என்றால் அதுவும் இல்லை. வக்கீல்கள் இதற்கு எவ்வளவு நியாயம் கற்பித்தாலும், நியாயம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆயினும் இன்ஸ்பெக்டரை அனுப்பிப் பட்டறைகளைப் பூட்டச் சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். பூட்டினால் தொழில் நிற்காது. பின்கட்டுக்கு நகரும், இரவில் நடக்கும். புவிசார் குறியீடு வழங்கிப் பெருமை பேசிக்கொள்ளும் சர்க்கார், அந்தப் பெருமைக்கு ஆதாரமான குடும்பங்களுக்குக் காசு செலவழித்து உதவுவதே முறை. கைத்தொழில் வளர்ச்சிக் கார்ப்பரேஷனான பூம்புகாருக்குச் சுவாமிமலையிலேயே உற்பத்தி நிலையம் உண்டு. அதையடுத்துப் பொது உருக்குக் கொட்டகை ஒன்று புகைக்கூண்டுடன் கட்டி, வார்க்கும் நாளில் ஸ்தபதிகள் முறைபோட்டு உபயோகிக்கும்படி செய்யலாம். உருவம் பிடிப்பதும் சீர் செதுக்குவதும் வீட்டிலேயே நடக்கட்டும். செதுக்கிய தூளுக்கும் மேற்சொன்ன ஈரத் துணிதான். நாச்சியார்கோவிலுக்கும் இதுவே பொருந்தும். கும்பகோணத்துச் சொம்புக்கு, உலோகத்தை உரசாமலே அளந்து சொல்லும் எக்ஸ்ரே யந்திரங்கள் நகைக் கடைகளில் இருக்கின்றன. அவற்றில் சோதித்து முத்திரை குத்தி விற்பதற்குத் தொழிலாளிகளின் சங்கங்களே முன்வரலாம். அப்படிப்பட்ட சொம்புக்கு ஐம்பதோ நூறோ கூடக் கொடுக்க நம் வாசகர்கள் தயங்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டியது இரத்த சோதனை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறதென்று தேடிக் கண்டு விலக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ஆம் வருஷத்து வழிகாட்டி. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியார் மனம் வைத்தால், சுவாமிமலைப் பட்டறை வீடுகளிலுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சோதிக்க முகாம் நடத்திவிடலாம். அடைமழை தொடங்கிக் கதவுகள் மூடப்படுமுன் இதற்குத் தேதி குறித்து உத்தரவு பிறப்பிக்குமாறு ஜில்லா கலெக்டரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.