வயல் உங்களுடையது, முயல் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் வாரம் முழுவதும் எந்திரத்தோடு மல்லாடிய வாலிபர்கள், பொழுது போக்க ஏரிக்கரைப் பக்கம் போகிறார்கள்.

ஒருவன் கையில் உண்டிகோல் இருக்கிறது. இன்னொருவன் கையில் ஏர்கன்.

“யாருடைய நிலம் இது?” என்று கேட்டால், “தெரிந்தவர் நிலந்தான். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்” என்று பதில் வருகிறது.

பிறர் நிலத்தில் கால் வைக்குமுன் கேட்டது நல்ல பழக்கம். ஆனால் வேட்டையாட அனுமதி கொடுக்க அந்த நிலக்காரருக்கு உரிமை உண்டா? இல்லை!

மூங்கில் காட்டு ஊர்

திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள திருப்பாச்சூர், பாடல் பெற்ற தலம். ‘பாசு’ என்றால் மூங்கில். மூங்கில் காட்டில் இறைவன் கோவில் கொண்டான் என்று தல புராணம் கூறுகிறது.

அந்தக் காடு கதையாகிவிட்டது. ஆனால் வயலும் ஏரியும் இருக்கின்றன. அவற்றை நம்பிக் கொக்கும் நாரையும் காடையும் கௌதாரியும் முயலும் வாழ்கின்றன. சற்றுத் தொலைவில் பூண்டி நீர்த்தேக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. இரண்டுக்கும் பருவந்தோறும் பறவைகள் வருகின்றன.

வயலில் விளைந்த நெல் வயல்காரருக்குச் சொந்தம். அதே வயலில் ஓடும் முயல் அவருக்குச் சொந்தம் அல்ல. சட்டத்தை மீறி யாராவது அதைக் கொன்றால், செத்த முயல்கூட அரசாங்கத்தின் சொத்து!

வேட்டை என்றால் என்ன?

1972-ம் ஆண்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் சில விலங்குகளை லைசென்சு வாங்கி வேட்டையாட அதில் இடம் இருந்தது. 1991-ல் அந்த வழியும் அடைக்கப்பட்டது. பொழுதுபோக்கு வேட்டைக்கு இப்போது லைசென்சே கிடையாது.

சுடுவது மட்டுந்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது எல்லாமே வேட்டைதான். பறவையின் கூட்டைக் கலைப்பதும், முட்டையை எடுப்பதும் வேட்டைதான்.

சில வகை ஏர்கன்களை வாங்க லைசென்சு தேவையில்லை. அதனால் அவற்றால் பறவையைச் சுடலாம் என்று அர்த்தம் அல்ல.

சாதாரணமாக இந்தக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மயில் போன்ற முதல் பட்டியல் உயிர்களைக் கொன்றால், குறைந்தது மூன்று ஆண்டு. ஏழு ஆண்டு வரையிலும் போகலாம். ஒரு வேளைக் கறிக்கு இவ்வளவு விலை!

வேடந்தாங்கல் காட்டிய வழி

“இது பட்டணத்துப் படிப்பாளிகள் எழுதிய சட்டம்” என்று சிலர் சொல்லலாம். அப்படி அல்ல. கிராமத்து மக்கள் இதை முன்பே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வேடந்தாங்கலும் திருப்பாச்சூரும் 1997 வரை ஒரே மாவட்டத்து ஊர்கள். வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே வேடன் இருக்கிறான். அந்த ஊர் ஏரியில் பறவைகள் வந்து கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம். இதை உழவர்கள் அறிந்திருந்தார்கள்.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி. ஊரார் கையில் ஏர். ஆனாலும் ஊரார் சும்மா இருக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். எங்கள் ஏரியில் யாரும் சுடக்கூடாது என்று எழுத்து மூலம் உரிமை பெற்றார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். 1936-ல் அந்த ஏரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது.

“கூடாது” என்று சொன்ன ஒரு கிராமத்தால் ஓர் ஏரி பிழைத்தது!

பன்றிக்கு என்ன செய்வது?

கொக்குக்கும் முயலுக்கும் இந்த நியாயம் பொருந்தும். காட்டுப்பன்றி விஷயம் வேறு. ஒரே இரவில் வேர்க்கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடுகிறது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் காலையில் வந்து தலையில் கை வைத்து உட்காருகிறார். அவருடைய கண்ணீர் பொய் அல்ல.

இதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். உழவர் சுடக்கூடாது.

உத்தரவு நல்லதுதான். ஆனால் மனுக் கொடுத்த உழவரை நாள் கணக்கில் அலைய விட்டால் அது ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும். அதிகாரிகள் தாமதிக்கும் ஒவ்வோர் இரவும், உழவரை மின்சாரக் கம்பியின் பக்கம் தள்ளுகிறது.

கம்பி ஆள் பார்ப்பதில்லை

வேலியில் திருட்டு மின்சாரம் விடுவதைப் போன்ற ஆபத்து வேறு இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அனாதை ஆயின. நிலக்காரர் கைதானார்.

யானையையே சாய்க்கும் மின்சாரம், தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதனை விட்டுவிடுமா? விடியுமுன் கொல்லைக்குப் போகும் பெண்ணை விட்டுவிடுமா?

இரவில் நாட்டுத் துப்பாக்கியோடு திரிவதும் இப்படித்தான். புதர் அசைந்தால் பன்றி என்று சுடுகிறான். அங்கே இருப்பது மாடாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

தொழிலை மாற்றிய கைகள்

திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரங்களில் இருளர்கள் வாழ்கிறார்கள். வேட்டைக் கலையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் அவர்கள் பிழைப்பு போயிற்று. அவர்கள் சோர்ந்துவிடவில்லை.

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் அது நடந்து வருகிறது. வனத்துறை அனுமதி அளிக்கும் எண்ணிக்கையில் மட்டும் பாம்பு பிடிக்கிறார்கள். விஷத்தை எடுத்த பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வேட்டையே பிழைப்பாக இருந்தவர்கள் சட்டத்துக்குள் வந்து உயிர் காக்கிறார்கள். பிழைப்புக்கு வேறு வேலை உள்ள வாலிபர்கள், விளையாட்டுக்காக உயிரை எடுக்கலாமா?

வரப்பில் நிற்கும் காவல்

காட்டிலாகா அதிகாரி ஒவ்வொரு வரப்பிலும் நிற்க முடியாது. நிலக்காரர் நிற்க முடியும். “என் நிலத்தில் வேட்டை கிடையாது” என்று அவர் சொல்லும் ஒரு சொல், பத்துப் போலீஸ்காரருக்குச் சமம். தெரிந்தவர் பிள்ளை என்று தயங்க வேண்டாம். அந்தப் பிள்ளை சிறைக்குப் போகாமல் காப்பாற்றும் சொல்லும் அதுதான்.

பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். உண்டிகோலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நாரை மீன் பிடிப்பதைக் காட்டுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்!