பார்மசி கல்லூரி பெருகுகிறது, வேலை பெருகுகிறதா?

பிளஸ்-2 தேர்வு முடிவு வந்து விட்டால், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எதில் சேர்ப்பது?

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. அதில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்பதே இந்தப் பக்கத்தின் பழைய கனவு. இப்போது டாக்டர் ஆசை வந்திருக்கிறது. அதற்கு "நீட்" தேர்வு குறுக்கே நிற்கிறது. பி.பார்ம், டி.பார்ம் படிப்புக்கு "நீட்" கிடையாது. "ஒரு மருந்துக்கடை வைத்தாவது பிழைத்துக் கொள்வான்" என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள்.

கணக்கு சரிதானா?

தடை போட்ட கவுன்சில்

மருந்தாளுநர்களுக்கு என்று 1948-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதன்படி அமைந்ததுதான் இந்திய பார்மசி கவுன்சில். அதன் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.

கல்லூரிகள் பெருகுவதைக் கண்டு கவுன்சிலே பயந்து விட்டது! 2020-21 முதல் 5 ஆண்டுகளுக்குப் புதுக் கல்லூரி கூடாது என்று 2019-ல் தீர்மானம் போட்டது. அரசாங்கக் கல்லூரிகள், வடகிழக்கு மாநிலங்கள், மொத்தம் 50 கல்லூரிகூட இல்லாத மாநிலங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

தனியார் கல்லூரிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 15-9-2022 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கல்லூரி தொடங்குவது அடிப்படை உரிமை. அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். வெறும் தீர்மானம் போதாது. தடை நீங்கியது.

ஒரு பகுதியில் ஏற்கனவே எத்தனை கல்லூரி இருக்கிறது, இன்னொன்று தேவையா என்று கவுன்சில் பார்க்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சுவரில் சான்றிதழ்

சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும். அப்படியானால் வேலைக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது. ஆனால் சில கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது. ஆள் இல்லை! சான்றிதழை வாடகைக்கு விட்டவர் வேறு எங்கோ இருக்கிறார். மருந்து எடுத்துக் கொடுப்பவர் பார்மசி படிக்காத பையன்.

இதில் நஷ்டம் யாருக்கு? முதலில் நோயாளிக்கு. ஒரே மாதிரி பெயர் கொண்ட மாத்திரைகள் ஏராளம். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று சொல்வதற்கும் படித்தவர் வேண்டும். காசநோய் மருந்துகளையும், வீரியமான சில கிருமிக்கொல்லி மருந்துகளையும் விற்றால், நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2014 மார்ச் முதல் இது சட்டம். ஆளே இல்லாத கடையில் எழுதுவது யார்?

அடுத்த நஷ்டம் படித்தவனுக்கு. சான்றிதழ்கள் பெருகப் பெருக வாடகையும் குறையும், சம்பளமும் குறையும். ஒருவன் மறுத்தால் வாசலில் பத்துப் பேர்.

தமிழக அரசு 24-2-2025 அன்று 1,000 "முதல்வர் மருந்தகங்களை"த் திறந்தது. பார்மசி படித்தவர்கள் கடை வைக்க ரூ.3 லட்சம் மானியமும் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கடைகள் திறந்தது ஒரு தடவை. கல்லூரிகள் மாணவர்களை வெளியே அனுப்புவதோ ஆண்டுதோறும்!

கடன் வாங்கிப் பணம் கட்டுகிற பெற்றோர், அந்தக் கல்லூரிக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் உண்டா என்று கவுன்சிலின் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டும். பிறகு, அங்கே போன ஆண்டு படித்து முடித்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, "என்ன வேலை, என்ன சம்பளம்?" என்று கேட்க வேண்டும். அதற்குச் செலவு பஸ் கட்டணம்தான்.