மட்டக்களப்போடு நின்ற புகையிரதம்

கொழும்பிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் புகையிரதம் மட்டக்களப்பு நிலையத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. கல்முனைக்கும் நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் செல்ல வேண்டியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிப் பஸ் வண்டியைத் தேடுகிறார்கள். 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை எட்டிய இருப்புப்பாதை, அன்று தொட்டு இன்றுவரை தெற்கே ஒரு மைல்தானும் நகர்ந்ததில்லை. அதனைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டவேண்டுமென்ற கோரிக்கை மட்டும் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

ஆயின், கொழும்பு வண்டி கல்முனை வரை வந்தால் போதுமென்று நாம் கருதவில்லை. தினமும் கொழும்புக்குப் போகிறவர் எத்தனை பேர்? ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், கல்முனை ஆசுபத்திரிகளுக்கும், மட்டக்களப்புக் கச்சேரிக்கும் நாள்தோறும் போய் வருகிறவர்களே பலர். அவர்களுக்கு வேண்டியது ஊருக்கு ஊர் நின்று செல்லும் சிறு வண்டி. சென்னையில் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. அங்கே பயணி நேரசூசியை மனனம் செய்வதில்லை; ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வருமென்று நிற்கிறான்.

இக்கரையின் அமைப்பும் அத்தகைய வண்டிக்கென்றே அளந்து வைத்தாற் போன்றது. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும், நடுவே நாடாவைப் போல ஊர்கள். மருதமுனையின் கடைசி வீடு எது, பாண்டிருப்பின் முதல் வீடு எது என்று அயலூரான் சொல்ல முடியாது. சாய்ந்தமருது, காரைதீவு என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். இத்தனைக்கும் பிரதான வீதி ஒன்றே. நெல் லொறியும், மருதமுனைப் புடைவைப் பொதியும், முச்சக்கர வண்டியும், பாடசாலைப் பிள்ளையும் அதிலேதான். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வீடு சேரத் துடிக்கும் உத்தியோகத்தர், பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம்.

அப்படியாயின், தண்டவாளத்தை எங்கே இடுவது? இங்கேதான் சிக்கல். கடலோரமாக இடலாம் என்போர் 2004 டிசம்பர் 26ஆந் திகதியை மறந்தவர்கள். அன்று தென்கரையில் பெரலியவில் கடல் புகுந்து புகையிரதத்தைக் கவிழ்த்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் கரையோரமும் அதே காலையில் அழிந்தது. பிரதான வீதியின் அருகே இடமில்லை. எஞ்சுவது மேற்கே வயலோரம். அங்கே அணைபோல மண்ணை உயர்த்திப் பாதை அமைத்தால், மாரிவெள்ளம் கடலுக்கு வடிய வழியின்றிக் கரைவாகு வட்டை மூழ்கும். ஆகவே மதகுகளும் சிறு பாலங்களும் நெருக்கமாக வேண்டும். செலவு ஏறத்தான் செய்யும். வாவியையும் எங்கேனும் கடக்கவோ சுற்றிப் போகவோ வேண்டும். நிலத்தை இழக்கும் விவசாயிக்கு உரிய விலையை முதலிலேயே கொடுத்துவிடுவதும் அச்செலவிற் சேர்ந்ததே. இவற்றையெல்லாம் கணக்கிட்ட பின்னரும் வயலோரப் பாதையே தக்கதென்பது நம் துணிபு.

கல்முனைக் கடைத்தெருவில் டிராம் ஓடலாகாதா என்று மாணவர் சிலர் கேட்கிறார்கள். ஆசைதான்! கொழும்புக் கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாசுக்கும் 1899 முதல் 1960 வரை டிராம் ஓடியது. மற்ற வாகனங்களோடு ஒரே தெருவைப் பங்கிட்டுக்கொண்டு நெரிசலில் அகப்பட்டதே அதற்கு வந்த கேடு. தனக்கெனத் தனிவழி இல்லாத டிராம், தண்டவாளத்திற் கட்டிய பஸ்ஸேயாகும். விலகிப் போகவும் அதனால் இயலாது. நம் கடைத்தெருவில் அத்தனை அகலமில்லை. வயலோர நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குச் சிற்றூர்திகள் ஓடினாற் போதும்.

மாத்தறைக்குப் புகையிரதம் வந்தது 1895இல். அங்கிருந்து பெலியத்தைக்குப் பாதை திறக்கப்பட்டது 2019இல். இடையே 124 ஆண்டுகள். அக்கணக்கை நம் மட்டக்களப்புக்கும் போட்டுப் பார்த்தோம். 2052 என்று வருகிறது. இன்று பாலர் வகுப்பில் அரிச்சுவடி படிக்கும் பிள்ளைக்கு அப்பொழுது முப்பது வயதாகியிருக்கும்.